தண்ணீர் வருகிறது ஐயா, வாய்தா கொடுங்கள்

வக்கீலம்மாவின் தலை முழுக்கக் கறுப்பு டையைப் பூசி முடித்து, காதோரம் வழிந்ததைத் துணியால் ஒற்றிவிட்டு, "இனிமே கொஞ்ச நேரம் அசையாம உக்காந்துக்குங்க மேடம்" என்று சொன்ன பிறகுதான் பார்லர்காரி மூலையில் இருந்த நீல டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் குவளை மட்டும் மல்லாந்து கிடந்தது. அதுவும் காய்ந்திருந்தது.

மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வாசலுக்கு வந்து அண்ணாந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். புருஷனின் தங்கை. பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை. இரண்டாம் மாடியில் அவர்கள் வீட்டிலிருந்து அவள் தலை எட்டிப் பார்த்தது.

"டிரம்முத் தண்ணி எங்கடி போச்சு?"

"என் யூனிஃபார்ம அலசினேன் அண்ணி. அதான் சாயங்காலம் தண்ணி லாரி வருதாமே!"

"லாரி வரும்போது வரட்டும். இப்ப ஒருத்தங்க தலையில டையோட உக்காந்திருக்காங்க!"

"யாரு?"

"வக்கீலு!"

நாத்தனாருக்கு எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை. "ஐயையோ, வக்கீலுக்கா!" என்று அவள் கத்தியது உள்ளே நாற்காலியில் இருந்த வக்கீலம்மாவுக்கும் நன்றாகவே கேட்டது.

குடிக்கிற கேனில் மிச்சமிருந்ததை ஊற்றியதில் இடது பக்கம் அரைகுறையாகப் போயிற்று. அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டினால் ஆளுக்கொரு சொம்பைக் காட்டி, "சோறு வடிக்கவே இதுதான்" என்றார்கள். டையோ நேரம் போகப் போக இறுகிக்கொண்டிருந்தது. பார்லர்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் முக்குக் கடையிலிருந்து நாத்தனார் ஒரு பெட்டி சோடாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒருத்தி உடைக்க, ஒருத்தி ஊற்ற, வக்கீலம்மாவின் உச்சந்தலையில் சோடா நுரைத்துப் பொங்கி, காதுக்குள் சளசளவென்று இரைந்து, மூக்கு நுனியில் கறுப்பாகச் சொட்டியது. முடித்துப் பார்த்தால் முடி கன்னங்கரேலென்று ஜொலித்தது. நெற்றியும்தான்.

வக்கீலம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று பார்லர்காரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் சுவரைப் பார்த்தாள்.

"குழாய் இருக்கே?"

"இருக்கு மேடம். காத்து வரும்." பார்லர்காரி திருகிக் காட்டினாள். புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அடங்கியது குழாய்.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?"

"அஞ்சு பிளாக்குலயும் இதேதான் மேடம். ஆத்தோரத்துல இருந்தோம். ரோடு போடணும்னு கிளப்பி இங்க கொண்டாந்து விட்டாங்க. வீட்டுக்கு வீடு குழாய், குழாய்க்குக் குழாய் தண்ணின்னு மைக்குல சொன்னாங்க. நாங்களும் கை தட்டினோம். இந்தச் செவுரு எல்லாம் ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு, குழாய் இன்னும் நனையல."

"அப்ப கேஸ் போட்டுருவோம்" என்றாள் வக்கீலம்மா.

பார்லர்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். "மேடம், மேடம்! டைக்குக் காசே வேணாம் மேடம். எலுமிச்சம்பழம் தேச்சா நெத்தியில ரெண்டு நாள்ல போயிரும். எம்மேல கேஸெல்லாம் போட்டுராதீங்க!"

"அட, உங்க மேல இல்லைம்மா. உங்களுக்காக. நகராட்சி மேல!"

*

மனுஷனுக்கு உயிர்வாழ உரிமை இருக்கிறது என்று நாட்டின் அரசியல் சட்டத்தில் போட்டிருக்கிறதாம். தண்ணீர் இல்லாமல் எவனும் உயிர்வாழ முடியாதாம். அதனால் தண்ணீர் கேட்பதும் உரிமைதானாம். வக்கீலம்மா மொட்டை மாடியில் கூட்டம் போட்டு இதைச் சொன்னபோது ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஆனால் மனுவில் முதல் ஆளாக யார் கையெழுத்துப் போடுவது என்றதும் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். பார்லர்காரி மட்டும் வக்கீலம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழத்துக்கும் போகாமல் அங்கே ஒரு கறுப்புக் கீற்று நின்றிருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே கையை நீட்டிவிட்டாள்.

புருஷன் நகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறவன். ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைக் கேட்டதும் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

"யாரு மேல கேஸு?"

"நகராட்சி மேலங்க."

"எனக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?"

"நகராட்சிதாங்க."

"தெரிஞ்சுதான் போட்டியா, தெரியாமப் போட்டியா?"

"டை போகலைங்க" என்று அவள் சொன்ன பதில் அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மறுநாளே ஷெட்டில் மேஸ்திரி அவனைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க, மனுதாரர் வீட்டுக்காரரே!" அன்றைக்கே அவனை மார்க்கெட் லைனிலிருந்து தூக்கி மீன் கழிவு லைனில் போட்டார்கள். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவன் வாசனை வந்தது. குளிக்கத் தண்ணீர் கிடையாது. நாத்தனார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீ ரெண்டு நாள் லாரியிலயே படுத்துக்கயேன்" என்றாள்.

அவன் முறைத்தான். பிறகு மனைவியைப் பார்த்து, "எப்ப விசாரணைக்கு வருது?" என்று கேட்டான். அதிலிருந்து அவளைவிட அவன்தான் வழக்கில் தீவிரமாக இருந்தான்.

*

முதல் விசாரணையன்று நகராட்சி வக்கீல் எழுந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு, அந்தக் குடியிருப்பில் குழாய்கள் பதிக்கப்பட்டு, தண்ணீர் சிறப்பாக விநியோகமாகிறது என்றார். பெஞ்சில் இருந்த பார்லர்காரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "எங்க வருது? எவன் வீட்டுல வருது?" என்று பக்கத்தில் இருந்த நாத்தனார் எழுந்தேவிட்டாள். வக்கீலம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒல்லியான மனிதர். எதற்கும் சுலபத்தில் அதிராத முகம். "ஒருத்தர் வருதுங்கறீங்க. ஒருத்தர் வரலைங்கறீங்க. குழாய் பொய் சொல்லாது. நானே வந்து பாத்துடறேன்" என்று சொல்லி, அடுத்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்.

வெளியே வந்ததும் பார்லர்காரிக்குத் தலைகால் புரியவில்லை. நீதிபதி வரப்போகிறார், தன் பார்லருக்கே வந்து, அவர் கையாலேயே குழாயைத் திருகி, புஸ்ஸென்ற காற்றைக் கேட்கப்போகிறார். வழக்கு ஜெயித்தமாதிரிதான். வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடி துடைக்கப் புதுத் துணிகூட வாங்கினாள்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் பார்லரில் ஒரு டீச்சருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். சுவருக்குள் யாரோ இருமுவதுபோல் ஒரு சத்தம். அடுத்து உறுமல். அடுத்து முழுச் சுவரும் கிடுகிடுத்தது. டீச்சர், "நிலநடுக்கமா?" என்று எழுந்துகொள்வதற்குள் குழாய் பழுப்பாக ஒரு வாய் கக்கியது. பிறகு தெளிந்து, தடித்து, பளபளவென்று கொட்ட ஆரம்பித்தது.

தண்ணீரே பார்த்திராத குழாயை யார் மூடி வைப்பார்கள்? ஐந்து பிளாக்கிலும் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாக் குழாய்களும் திறந்தே கிடந்தன. பாதி வீட்டில் ஆளில்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் படி படியாகத் தண்ணீர் குதித்து இறங்கியது. செருப்புகள் மிதந்து வந்தன. அவற்றின் பின்னால் ஒரு துடைப்பம் வந்தது. ஜனங்கள் பாத்திரம், வாளி, தொட்டில், பிரஷர் குக்கர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நீட்டினார்கள். பிறகு பிடித்துவைக்க எதுவும் மிச்சமில்லாமல் போனதும் ஒருவர் தலையில் ஒருவர் ஊற்ற ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடித் தையல்காரர், கட்டிலோடு படுக்கையாகக் கிடக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், படிக்கட்டில் உட்கார்ந்து பனியனோடு நனைந்துகொண்டு பாடினார்.

புருஷன் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மாடித் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் விரித்து ஆடினான். மீன் நாற்றம் போய் அவன் மனுஷ வாசனைக்கு வருவதை அவன் தங்கை மூக்கால் சோதித்து அறிவித்தாள்.

பார்லர்காரியும் புடவையைச் செருகிக்கொண்டு குதித்தாள். டீச்சருக்கு ஒரு புருவம்தான் முடிந்திருந்தது. அவளும் குதித்தாள். அப்போது போன் அடித்தது.

"என்னம்மா, ஒரே சத்தமா இருக்கு?" என்றாள் வக்கீலம்மா.

"தண்ணி மேடம்! தண்ணி வந்துருச்சு! ஆறா ஓடுது!"

"அடப் பாவிங்களா" என்றாள் வக்கீலம்மா. "நாளைக்கு நீதிபதி வராருல்ல?"

பார்லர்காரி முட்டிவரை தண்ணீரில் நின்றபடியே உறைந்துபோனாள்.

*

ஆனால் வெள்ளிக்கிழமை நீதிபதி வரவில்லை. காய்ச்சல். எழுந்து நடமாட முடிந்ததும் வருவார், எந்த நாள் என்று பிறகு தெரிவிக்கப்படும் என்று தகவல் வந்தது.

எந்த நாள் என்று தெரியாததால் நகராட்சி தண்ணீரை நிறுத்தவும் துணியவில்லை. சனிக்கிழமையும் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. குடியிருப்பே நீதிபதியின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது. அது சாதாரணக் கவலை இல்லை. அவர் சாகக் கூடாது, பாவம், நல்ல மனுஷர். அதற்காக அவசரப்பட்டு எழுந்துவிடவும் கூடாது. "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாள் நாத்தனார், ஊறப்போட்ட துணிகளின் நடுவே நின்றுகொண்டு. "காய்ச்சலை எல்லாம் அலட்சியமா விடக் கூடாது அண்ணி. ஒரு மாசமாவது படுக்கையில இருக்கணும்."

மனிதர் அடுத்த வாரமே எழுந்துவிட்டார். கூடவே நகராட்சிக் குடிநீர் இன்ஜினியரும் வந்தார். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்த, உருண்டையான ஆள். வழிநெடுக வியர்வையைத் துடைத்துக்கொண்டே நடந்தார். பார்லருக்குள் நுழைந்து குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. நீதிபதி கையை நனைத்துப் பார்த்தார். மாடிகளை அண்ணாந்து பார்த்தார். கைப்பிடிச் சுவர் தெரியாத அளவுக்குத் துணி காய்ந்தது.

"தண்ணி நல்லாத்தானே வருது?" என்று பார்லர்காரியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் இன்ஜினியர், "வருதுங்க ஐயா, நீங்களே பாக்கறீங்களே!" என்றார். நீதிபதி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் காரின் புகை கலைவதற்குள் சுவருக்குள் அதே இருமல் கேட்டது. குழாய் ஒரு விக்கல் விக்கி நின்றது.

வக்கீலம்மா விடுவாளா? நீதிபதி போனதும் தண்ணீரும் போயிற்று, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டாள். நீதிபதி இன்னொரு தேதி குறித்தார். அந்தத் தேதிக்கு முந்தின நாளே குழாய் உறுமியது. இந்தத் தடவை ஜனங்கள் தயாராக இருந்தார்கள். குழாய்களுக்கு அடியில் டிரம், டிரம்முக்குப் பக்கத்தில் அண்டா, அண்டாவுக்குள் குழந்தை.

அன்றைக்குச் சாயங்காலம் பார்லரில் டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டு பார்லர்காரிதான் முதலில் யோசித்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? அவரு வர்ற அன்னிக்கெல்லாம் தண்ணி வருது."

"ஆமா. அதானே பிரச்சனை."

"அவரு வந்துக்கிட்டே இருந்தா?"

வக்கீலம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் சிரித்தாள், இந்தமுறை வேறுமாதிரி.

அதன் பிறகு அந்தக் கோர்ட்டு வரலாற்றிலேயே நடக்காதது நடந்தது. வழக்கமாக வாய்தா கேட்பது சர்க்கார் தரப்பு. வாய்தா என்றதும் அழுவது ஜனங்கள். இங்கே எல்லாம் தலைகீழாயிற்று. நகராட்சி வக்கீல், "ஐயா, இன்னிக்கே முடிச்சிடலாம்" என்று துடிப்பார். வக்கீலம்மா எழுந்து, இன்னும் சில விவரம் சேகரிக்க வேண்டியிருப்பதால் வாய்தா வேண்டும் என்பாள். "ஆய்வு நிலுவையில் உள்ளது" என்று தேதி போடாமல் நீதிபதி எழுதுவார்; அவர் எந்த நேரமும் வரலாம் என்று நகராட்சி தண்ணீரை நிறுத்தத் துணியாது. பின்பெஞ்சில் நாத்தனாரும், மூன்றாம் மாடித் தையல்காரரும், இன்னும் பத்துப் பேரும் முகத்தை அழுகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வராந்தாவுக்கு வந்ததும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் நீதிபதிக்கு முன்னால் கோல் பிடித்து வருகிற டவாலி வந்து, "ஏம்மா, வாய்தா குடுத்தா ஸ்வீட் தர்றவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று இரண்டு எடுத்துக்கொண்டு போனார்.

பார்லர்காரியின் கையில் தண்ணீர் புழங்கத் தொடங்கியதிலிருந்து வாடிக்கையும் கூடியது. "எங்கள் பார்லரில் தலை அலசித் தரப்படும்" என்று பலகை எழுதி மாட்டினாள். சோடாக் கடைக்காரர் மட்டும் அவளிடம் கொஞ்சநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. குழாயை மூடும்போதெல்லாம், இது கடைசி முறையாக இருக்குமோ என்று கையை ஒரு நொடி அதன்மேலேயே வைத்திருப்பாள். நீதிபதி என்ன முட்டாளா?

*

அவர் முட்டாள் இல்லை. அடுத்த விசாரணையில் வக்கீலம்மா எழுந்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாய்தாதானே?"

"ஆமாங்கய்யா."

"நான் வக்கீலா இருந்தப்பவும் சரி, இங்க உக்காந்த பிறகும் சரி, மனுதாரரே இத்தனை வாய்தா கேட்டு நான் பாத்ததில்ல. நகராட்சி முடிக்கணும்னு கெஞ்சுது. நீங்க இழுக்கறீங்க. என்னம்மா நடக்குது? மனுதாரர் வந்திருக்காங்களா?"

பார்லர்காரி எழுந்தாள். வக்கீலம்மா அவள் காதோரம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடுதலாப் பேசாதீங்க" என்றாள். வாசலருகே யூனிஃபார்மோடு நின்றிருந்த புருஷன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். அது தைரியமாக இரு என்பதா, இரண்டே வார்த்தை பேசு என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நகராட்சி வக்கீல் முந்திக்கொண்டார். "ஐயா, ஒரே ஒரு கேள்வி. அம்மா, இன்னிக்குக் காலையில உங்க வீட்டுக் குழாயில தண்ணி வந்துச்சா, இல்லையா?"

வந்தது. அந்தத் தண்ணீரில்தான் குளித்துவிட்டு வந்திருந்தாள். முடி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பின்னலின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவள் ரவிக்கையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். உதட்டைக் கடித்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். அடக்க அடக்க அது மூக்கு வழியாக வந்தது. பின்னால் நாத்தனார் கிக்கியென்று சிரித்ததும் அவ்வளவுதான், அணை உடைந்தது. கோர்ட்டு ஹாலில், நீதிபதிக்கு முன்னால், மனுதாரர் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது? தண்ணி வருதா?" என்றார் நீதிபதி.

"வருதுங்கய்யா."

நகராட்சி வக்கீல் வெற்றிப் புன்னகையோடு திரும்பினார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருதுன்னா அப்புறம் எதுக்கும்மா கேஸு?"

"கேஸு இருக்கிறதாலதாங்கய்யா வருது!" சிரிப்போடு சிரிப்பாக அவள் வாயிலிருந்து கொட்டியது. "நீங்க வர்றீங்கன்னா முந்தின நாளே வந்துருது. நீங்க போனா உங்க கூடவே போயிருது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்களுக்கு ஒரு வாரம் குளியல்! கேஸ முடிச்சிட்டீங்கன்னா தண்ணியும் முடிஞ்சிரும். அதான் வாய்தா கேட்டோம். தண்ணி வருதுங்கய்யா, வாய்தா குடுங்க!"

எங்கேயோ ஒரு குமாஸ்தா கனைத்தார். கனைப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, டவாலி கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி தலையைக் குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார். பேனா நகரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

நிமிர்ந்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது. "இன்ஜினியர் இருக்காரா?"

இன்ஜினியர் வியர்வையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"நான் வர்ற அன்னிக்கு எங்கிருந்துய்யா தண்ணி வருது?"

"பெரிய தொட்டியிலிருந்துங்க. ஒரு வால்வு இருக்கு, அதைத் திறந்தா வந்துரும்."

"மத்த நாள்ல தொட்டியில தண்ணி இல்லையா?"

"இருக்குங்க."

"வால்வு துருப்பிடிச்சிருக்கா?"

"இல்லைங்க. சின்ன வால்வுதான். ஒரு கையால திருகிடலாம்."

"அப்புறம் என்ன?"

இன்ஜினியர் நகராட்சி வக்கீலைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். இன்ஜினியர் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். நெடுநாளாக உள்ளே கிடந்த மூச்சு அது என்று பார்லர்காரிக்குத் தோன்றியது. "கோர்ட்டு வருதுன்னா திறன்னு ஆர்டர் வருதுங்கய்யா. கோர்ட்டு வரலைன்னா ஆர்டர் வரல. நானும் ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன். தினம் திறந்தா அப்புறம் ஜனங்க பழகிடுவாங்கன்னு சொல்லிட்டாங்க."

"பழகிடுவாங்க" என்று நீதிபதி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதைச் சொன்ன விதத்தில் ஹாலில் இருந்த சிரிப்பு அடங்கிவிட்டது. "தண்ணிக்கு."

பிறகு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். பார்லர்காரிக்குப் பாதி புரியவில்லை. வாழும் உரிமை, மனித மாண்பு, அரசின் கடமை என்று வார்த்தைகள் தலைக்கு மேலே போயின. கடைசியில் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. இந்த வழக்கு முடித்துவைக்கப்படவில்லை. திறந்தே இருக்கும். இன்ஜினியர் மாதாமாதம் வந்து நிலவரம் சொல்ல வேண்டும். நீதிபதி எந்த நாளிலும், எந்த நேரத்திலும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து குழாயைத் திருகுவார்.

"இனிமே தினமும் கோர்ட்டு வருதுன்னு வெச்சுக்குங்க" என்றார் இன்ஜினியரிடம். பார்லர்காரியைப் பார்த்து, "உங்களுக்கு வாய்தா குடுத்தாச்சும்மா. முடிவே இல்லாத வாய்தா" என்றார்.

அவள் கும்பிட்டாள். "உடம்பப் பாத்துக்குங்கய்யா" என்றாள், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

*

குடியிருப்புக்குத் திரும்பிய வேனில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாடித் தையல்காரர் வக்கீலம்மாவின் மடியில் பாதி உட்கார்ந்திருந்தார். சிக்னலுக்குச் சிக்னல் நாத்தனார் ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஊர்பேர் தெரியாதவர்களிடமெல்லாம், "கேஸு முடியலைங்க! முடியவே முடியாதுங்க!" என்று கத்தினாள். பாவம், அவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். புருஷன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். இறங்கும்போது, "அந்த மேஸ்திரி நாளைக்கு என்னை எந்த லைன்ல போட்டாலும் சரி. இப்ப குளிச்சிக்கலாம்ல" என்றான். அவன் பாராட்டுகிற விதம் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மாதம் பிறந்ததும் இன்ஜினியர் வந்தார். வீடு வீடாகக் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, களைத்துப்போய் பார்லரில் உட்கார்ந்தார். பார்லர்காரி டீ கொடுத்தாள். ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பிலிருந்து நாலைந்து பெண்கள் காலையிலிருந்தே பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர்கள் பக்கம் பள்ளிக்கூடம் கட்டி வருஷமாகிறது, வாத்தியார்தான் வரவில்லை. வக்கீலம்மா எப்போது டை அடிக்க வருவாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வக்கீலம்மாவின் போன் வந்தது. பார்லர்காரி கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் விரிந்தது. போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி அண்ணாந்து கத்தினாள்.

"நகராட்சி அப்பீல் போட்டுருச்சாம்! பெரிய கோர்ட்டுல!"

இரண்டாம் மாடியிலிருந்து நாத்தனார் முகம் வெளிறி எட்டிப் பார்த்தாள். "அப்ப தண்ணி?"

"அப்பீல் முடியறவரைக்கும் இப்ப இருக்கிற மாதிரியே வரணுமாம்!"

"அப்பீல் எப்ப முடியும்?"

"வக்கீலம்மா சொல்றாங்க, அங்க போன கேஸெல்லாம் பேரன் காலத்துலதான் திரும்பி வருதாம்!"

ஐந்து பிளாக்கிலும் விசில் பறந்தது. யாரோ தட்டைத் தட்டினார்கள், யாரோ வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடித்தார்கள். தையல்காரர் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை வானத்தில் வீசினார். அது கீழே பார்லர் வாசலில் நின்றிருந்த எல்லார் மேலும் சமமாக விழுந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் என்ன ஏது என்று புரியாமலேயே சிரித்தார்கள்.

இன்ஜினியர் மட்டும் டீ டம்ளரோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பார்லர்காரி திரும்பிப் பார்த்தாள்.

"நான் எதிர்த்தரப்பும்மா" என்றார் அவர் தர்மசங்கடமாக. "நான் கை தட்டக் கூடாது."

"அதுவும் சரிதான்" என்றாள் அவள்.

அவர் டம்ளரை ஜாக்கிரதையாக மேஜைமேல் வைத்தார். கதவருகே போய் எட்டி, தெருவில் நகராட்சி ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கை தட்டினார்.